ஆஸ்திரேலியாவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று டேகேருக்கு அனுப்பாவிட்டால் அரசு மானியம் நின்றுவிடுமா?

உடனே நிற்காது. ஒரு நிதியாண்டில், அதாவது ஜூலை முதல் ஜூன் வரை, ஒவ்வொரு பிள்ளைக்கும் 42 நாள் விடுப்புக்கு சைல்டு கேர் சப்சிடி, அதாவது டேகேர் கட்டணத்தில் ஒரு பங்கை அரசு ஏற்கும் இந்த மானியம், கிடைக்கும். காரணம் சொல்ல வேண்டாம், சான்றும் வேண்டாம். பாட்டி வீட்டுக்குப் போனாலும் சரி, சளி என்றாலும் சரி.

பலர் கோட்டைவிடுவது இரண்டு இடத்தில். ஒன்று, பிள்ளை வழக்கமாகப் போகும் கிழமையில் பொது விடுமுறை வந்து, டேகேர் அன்றைக்கும் கட்டணம் போட்டால் அதுவும் இந்த 42-இல் ஒன்றைத் தின்றுவிடும். இன்னொன்று, டேகேர் மாற்றினால் கணக்கு புதிதாகத் தொடங்காது. எண்ணிக்கை பிள்ளையோடு போகும்.

42 தீர்ந்த பிறகும் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ உடம்புக்கு முடியாவிட்டால் கூடுதல் விடுப்பு உண்டு, ஆனால் அப்போது மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். வெள்ளம், காட்டுத்தீ போன்ற அவசரநிலையில் டேகேரை மூடினாலும் கூடுதல் நாட்களுக்கு வழி இருக்கிறது.

அப்புறம், மானியம் வருவதால் உங்கள் பங்கு தள்ளுபடி ஆகிவிடாது. வராத நாளுக்கும் மீதிக் கட்டணம் நீங்கள்தான் கட்ட வேண்டும் (அநியாயம்தான்!). எத்தனை நாள் போயிருக்கிறது என்று மைகவ் என்ற அரசு இணையதளம் வழியாக, அரசு உதவித்தொகைகளைக் கவனிக்கும் சென்டர்லிங்கில் உள்ள உங்கள் கணக்கில் பார்க்கலாம். குளிர்காலம் முழுக்க மூக்கு ஒழுகும் பிள்ளை என்றால் அவ்வப்போது பார்த்துவையுங்கள்.