ஸ்கோரை இரண்டு தடவை கேட்ட பையன்

கேள்வி: மதிப்புக்குரிய அம்மா, நான் பதினைந்து வருடமாகச் சார்லட் நகரில் இருக்கிறேன். என் மகனுக்கு 16 வயது. பள்ளியின் ஜூனியர் வார்சிட்டி (இரண்டாம் நிலை) அமெரிக்க ஃபுட்பால் அணியில் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன், 9ஆம் எண் ஜெர்சி. உயரம் 5 அடி 8 அங்குலம், எடை 148 பவுண்டு. தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களை முறை வைத்து எடுக்கும் டிராஃப்டில், 2023இல் எங்கள் ஊர் பாந்தர்ஸ் அணி குவார்ட்டர்பேக் பிரைஸ் யங்கை முதல் ஆளாக எடுத்தது தப்பு, ஆள் குள்ளம், அந்த உடம்பு அடி தாங்காது என்பது என் கட்சி. உயரத்துக்கும் காயத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பது மகன் கட்சி. என் மைத்துனர் என் பக்கம். இந்த ஏப்ரலில் டிராஃப்ட் பார்க்கும்போது பேச்சு முற்றி, மகன் எழுந்து போய்விட்டான். அதிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பையன் தைரியசாலி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. போன அக்டோபரில் ஒரு ஆட்டத்தில் பின்னந்தலை தரையில் மோத விழுந்தான், எழுந்து மீதி ஆட்டத்தையும் ஆடி முடித்தான். காரில் வரும்போது ஸ்கோர் என்ன என்று இரண்டு தடவை கேட்டான், மாமா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றான், நானும் சொல்லவில்லை. அடுத்த வியாழக்கிழமையும் ஆடினான். வரும் சீசனில் வார்சிட்டிக்கு, அதாவது பள்ளியின் முதல் அணிக்கு, போக ஆசைப்படுகிறான். எடை கூட்டச் சொல்லலாமா, வேறு பொசிஷனுக்கு மாறச் சொல்லலாமா? அவன் கோபத்தை எப்படித் தணிப்பது? (கடிதம் சுருக்கப்பட்டது.)
— பெயர் வேண்டாம், சார்லட், வட கரோலினா

பதில்: தம்பி, உங்கள் முழுக் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் பிரைஸ் யங். பெற்ற பிள்ளை தலையில் அடிபட்டு விழுந்தது நான்கு வரி. அந்த நான்கு வரியிலும் ஒன்றைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஸ்கோர் என்ன என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறான்.

கேட்டது யார்? குவார்ட்டர்பேக். எத்தனையாவது டவுன் (முயற்சி), இன்னும் எத்தனை கெஜம் போக வேண்டும், கடிகாரத்தில் எவ்வளவு நேரம் மிச்சம் என்று எல்லாவற்றையும் தலையில் வைத்துக்கொண்டு மற்ற பத்துப் பேருக்கும் சொல்கிறவன். அவனுக்கு, அவனே ஆடி முடித்த ஆட்டத்தின் ஸ்கோர் தெரியவில்லை. நீங்கள் சொன்னீர்கள். கொஞ்ச தூரம் போவதற்குள், நீங்கள் சொன்னதும் அவனிடம் இல்லை. மறுபடி கேட்டான். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அப்பாவுக்கு அது சுருக்கென்று உறைக்கவில்லை. கூட வந்த மாமாவுக்குச் சிரிப்பு வந்தது.

அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு நிறுவனமான சி.டி.சி. பெற்றோருக்கும் கோச்சுகளுக்கும் ஒரு பட்டியல் கொடுக்கிறது, மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள் என்று. எந்த ஆட்டம், என்ன ஸ்கோர், எதிரணி எது என்பதில் தெளிவில்லாமல் இருப்பது அதில் அப்படியே இருக்கிறது. ஸ்கோர் என்ற சொல்லே இருக்கிறது, தம்பி. நினைவு தப்பி விழுந்தால்தான் மூளை அதிர்ச்சி என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். இல்லை. எழுந்து நின்று, ஓடி, பந்தை எறிந்து, காரில் ஏறி உட்கார்ந்து பேசிக்கொண்டு வருகிற பிள்ளைக்கும் இருக்கும்.

இது தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியாது. அதுவும் உங்கள் மாநிலத்தில் இருந்துகொண்டு. 2008இல் வட கரோலினாவில் பள்ளி ஃபுட்பால் ஆடிய இரண்டு பையன்கள் தலைக் காயத்தால் இறந்துபோனார்கள். ஒருவன் அந்த வாரம் பயிற்சியில் அடிபட்டு, அது ஆறுவதற்குள் வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் இறங்கியவன். முதல் அடி ஆறாமல் இரண்டாவது அடி விழுந்தால், அது லேசான அடியாக இருந்தாலும், வளரும் பிள்ளையின் மூளை சட்டென்று வீங்கிவிடலாம். அபூர்வம்தான். நடந்தால் திரும்ப வழியில்லை. அந்த இரண்டு பிள்ளைகளின் குடும்பப் பெயரையும் சேர்த்து 2011இல் கிஃபெல்லர்-வாலர் சட்டம் கொண்டுவந்தார்கள். அறிகுறி தெரிந்தால் அன்றைக்கே வெளியே உட்கார வேண்டும், தகுதியுள்ள மருத்துவப் பணியாளர் எழுதிக் கொடுக்காமல் மறுபடி களத்தில் கால் வைக்கக் கூடாது. இதையெல்லாம் விளக்கும் தாளில் பிள்ளையும் பெற்றோரும் வருடா வருடம் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் வீட்டிலிருந்தும் ஒரு கையெழுத்து அந்தப் பள்ளியில் இருக்கும். படித்துவிட்டுத்தான் போட்டீர்களா?

அடுத்த வியாழக்கிழமையும் ஆடினான் என்று எழுதியிருக்கிறீர்கள். பெருமையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த இடத்தில் கை நடுங்கியது.

இந்தக் கடிதம் எனக்கு வேறு வேறு ஊர்களிலிருந்து வந்திருக்கிறது. கபடி ஆடும் பெண்ணின் அப்பா எழுதுவார், தோள் இறங்கியதைச் சுளுக்கு என்று சொல்லிச் சமாளித்திருப்பார்கள். அரங்கேற்றத்துக்குத் தேதி குறித்துவிட்ட அம்மா எழுதுவார், முட்டி வீக்கத்தைப் பாவாடை மறைத்திருக்கும். கேள்வி எப்போதும் வேறு எதையாவது பற்றி இருக்கும். காயம் நடுவில் எங்கேயாவது ஒரு வரியில் ஒண்டிக்கொண்டு கிடக்கும்.

சரி, நீங்கள் கேட்டதற்கும் வருகிறேன். அதில்தான் இந்தப் பிள்ளை ஏன் மறைத்தான் என்பதும் இருக்கிறது.

பிரைஸ் யங்கை டிராஃப்டுக்கு முன் இண்டியானாபொலிஸில் அளந்தபோது 5 அடி 10 அங்குலத்துக்கு ஒரு நூல் கூட, 204 பவுண்டு. அடுத்த ஆளாக ஹூஸ்டன் அணி எடுத்த குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுட் 6 அடி 3 அங்குலம். முதல் வருடத்தில் யங்கை 62 தடவை பந்தோடு தரையில் சாய்த்தார்கள். அவர் தவறவிட்டது ஒரே ஒரு ஆட்டம், கணுக்காலால். உயரமான ஸ்ட்ரவுட்தான் அந்த டிசம்பரில் தலை அடிபட்டு இரண்டு ஆட்டம் வெளியே உட்கார்ந்தார். பாந்தர்ஸ் அந்த வருடம் இரண்டே ஆட்டம்தான் ஜெயித்தது, உண்மை. முன்னால் நின்று காக்க வேண்டிய வரிசை காக்கவில்லை. பந்து பிடிக்க இருந்த நல்ல ஆள் டி.ஜே. மூரையும் டிராஃப்டில் முதல் இடத்தை வாங்குவதற்கு விலையாகக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு அந்தப் பையனின் உயரம் என்ன செய்யும்?

பெரிய உடம்பு தாங்கும் என்கிறீர்களே, ஆண்ட்ரூ லக் 6 அடி 4 அங்குலம், 240 பவுண்டு. 2012 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட குவார்ட்டர்பேக். சிறுநீரகம் கிழிந்தது, தோள் போய் 2017 முழுக்க ஆடவில்லை, 2019 ஆகஸ்டில் 29 வயதில் போதும் என்று விட்டுவிட்டார். உங்கள் ஊர் பாந்தர்ஸில் குவார்ட்டர்பேக்காக ஆடிய கேம் நியூட்டன் 6 அடி 5 அங்குலம். அவர் தோளும் பாதமும் என்ன ஆயின என்று சார்லட்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பக்கம் ரஸ்ஸல் வில்சன், 5 அடி 11 அங்குலம், மூன்றாம் சுற்றில் போனவர், 2012இலிருந்து 2021 அக்டோபரில் விரல் முறியும்வரை ஒரு ஆட்டம்கூட விடவில்லை. பேஸ்பால் ஆடிய கால். அடி வருகிறது என்று தெரிந்தால் சறுக்கிக் கீழே உட்கார்ந்துவிடுவார், இல்லையென்றால் எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய்விடுவார்.

உடம்புக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. 148 பவுண்டுப் பையன் மேல் 220 பவுண்டுப் பையன் விழுந்தால் யார் எழுந்திருக்கச் சிரமப்படுவான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் எடை கூட்டினால் தோளும் தொடையும் பலப்படும், மண்டைக்குள் பஞ்சு சேராது. ஹெல்மெட் மண்டையோடு பிளக்காமல் பார்த்துக்கொள்ளும், உள்ளே மூளை குலுங்குவதை அதனால் நிறுத்த முடியாது. அப்போது மயாமி அணியின் குவார்ட்டர்பேக்காக இருந்த டுவா டாகோவைலோவா 6 அடி 1 அங்குலம், சுற்றிலும் டாக்டர்கள். 2022 செப்டம்பர் 25ஆம் தேதி விழுந்து எழுந்து, தலையை உதறிக்கொண்டு தள்ளாடியதை ஊரே பார்த்தது. முதுகு என்று சொல்லி மறுபடி இறக்கினார்கள். நான்காம் நாள் சின்சினாட்டியில் மறுபடி தலை மோதி, விரல்கள் விறைத்தபடி கிடந்தவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். அதற்குப் பிறகுதான், தள்ளாடியவனை அன்றைக்கு மறுபடி இறக்கக் கூடாது என்று விதியையே மாற்றினார்கள். உங்கள் காரில் டாக்டர் யாரும் இல்லை. நீங்கள்தான் இருந்தீர்கள்.

இப்போது உங்கள் வீட்டு சோபாவுக்கு வருவோம். 'அந்த உடம்பு அடி தாங்காது' என்று மூன்று வருடமாக டி.வி.யைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். சோபாவின் இன்னொரு ஓரத்தில் 5 அடி 8 அங்குலத்தில் ஒருத்தன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவன் ஜெர்சி எண் 9 என்று போகிற போக்கில் எழுதினீர்கள். பிரைஸ் யங்கின் எண்ணும் 9தான். யாருடைய உடம்பைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று அவனுக்குப் பதின்மூன்று வயதிலேயே புரிந்துவிட்டது. உங்களுக்கு இன்னும் புரியவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் தலை வலிக்கிறது என்று அவன் எப்படிச் சொல்வான்? சொன்னால் அப்பா ஜெயித்துவிடுவார். அதனால்தான் எழுந்தான், மீதியையும் ஆடினான், அடுத்த வாரமும் ஆடினான். நீங்கள் தைரியம் என்று எழுதியிருப்பது இதைத்தான்.

தொழில்முறை லீக்கின் 32 அணிகளும் கோடிகளைக் கொட்டுகின்றன, டிராஃப்டில் ஆள் எடுக்க. உள்ளங்கையை விரித்தால் எத்தனை அங்குலம் என்றுகூட அளப்பார்கள். அது அவர்கள் பிழைப்பு. நீங்கள் எதற்கு உங்கள் பிள்ளையை அளக்கிறீர்கள்? அவனை நீங்கள் டிராஃப்டில் எடுக்கவில்லை, பெற்றிருக்கிறீர்கள்.

உங்கள் மைத்துனருக்கும் ஒரு வார்த்தை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் நம் வீடுகளில் காது குத்துகிறோம். ஊசி ஏறும்போது பிள்ளை வீறிடும், மாமன் கை இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்த மடிக்குச் சொந்தக்காரர், பிள்ளை மூளை குழம்பிப் பேசுவதைக் கேட்டு நண்பர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். இந்தப் பதிலை அவரிடம் படிக்கக் கொடுங்கள்.

உங்கள் மனைவி விஷயத்தில்தான் எனக்கு ஆறவே இல்லை. பதினாறு வயதுப் பையன் அம்மாவிடம் சொல்லாதே என்பான், அது அவன் வயது. அப்பா அதற்கு உடந்தையாகலாமா? அன்று இரவு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வாந்தி எடுக்கிறானா, வெளிச்சம் கூசுகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்க்க வேண்டியவர் கீழே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருப்பார். பிள்ளையின் உடம்பைப் பற்றிய ரகசியம் கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் இருக்கவே கூடாது. வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்று இரவே மனைவியிடம் முழுதும் சொல்லுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் மகனுடைய டாக்டரிடம் நேரம் வாங்கி மூன்று பேரும் போங்கள். அக்டோபரில் நடந்ததை ஸ்கோர் உட்பட அப்படியே சொல்லுங்கள். தூக்கம் எப்படி, படிப்பில் கவனம் எப்படி, தலைவலி வருகிறதா என்று டாக்டர் கேட்கும்போது மகன் பதில் சொல்லட்டும், நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். பள்ளியில் காயங்களைக் கவனிக்கும் அத்லெட்டிக் டிரெய்னருக்கும் தெரிவியுங்கள். கோடைப் பயிற்சி தொடங்குவதற்கு முன் இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஆடலாமா, எந்த இடத்தில் ஆடலாம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு உங்கள் மனைவியும் இருக்கும் மேஜையில் பேச வேண்டிய பேச்சு. மைத்துனர் வர வேண்டாம்.

கோபத்தைத் தணிக்க வழி கேட்டீர்கள். பிரைஸ் யங்கைப் பற்றி நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டாம், அது அவனுக்குத் தேவையில்லை. 'அன்றைக்கு நீ இரண்டாம் தடவை கேட்டபோது நான் வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும்' என்று சொல்லுங்கள். அவன் என்ன சொன்னாலும் பேசாமல் கேளுங்கள்.

இந்த இதழ் அச்சாகும்வரை காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. டாக்டரிடம் போங்கள் என்று உங்கள் மின்னஞ்சலுக்கு அன்றே எழுதிவிட்டேன், இன்னும் பதில் இல்லை. போய் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியை உங்கள் மனைவி எழுதினால் நான் நம்புவேன்.