சந்தா சாகிப் ஜெயித்திருந்தால்?

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். எப்போதும் ஒரே பேச்சுதான். "1752-இல் திருச்சியில் சந்தா சாகிப் ஜெயித்திருந்தால் இங்கிலீஷ்காரன் ஆட்சியே வந்திருக்காது, நம்ம ஊரும் புதுச்சேரி மாதிரி ஆகியிருக்கும்" என்கிறான். நடக்காததை நினைத்து நேரத்தை வீணாக்குகிறான் என்று அவன் அப்பா திட்டுகிறார். நான் என்ன செய்வது?
– ஒரு தாய், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: திட்ட வேண்டாம் என்று முதலில் அவன் அப்பாவிடம் சொல்லுங்கள், சகோதரி. 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது ஆங்கிலேயர் ஒதுங்கியது உங்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையில்தான். அந்த ஊர்ப் பையனுக்கு இந்தக் கேள்வி வருவது நல்ல விஷயம்.

ஆனால் அவன் 'ஜெயித்திருந்தால்' என்பதோடு நின்றுவிடுகிறான். படைக்குச் சம்பளம் யார் கொடுத்திருப்பார்கள் என்று கேளுங்கள்.

ஆற்காட்டு நவாப் பதவிக்குச் சந்தா சாகிப்பும் முகமது அலியும் மோதினார்கள். சந்தா சாகிப்புக்குப் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே துணை, முகமது அலிக்கு ஆங்கிலக் கம்பெனி. 1752 ஜூனில் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது, சந்தா சாகிப்பின் தலை போனது. சரி, ஜெயித்த முகமது அலி என்ன ஆனார்? படைச் செலவுக்காகக் கம்பெனியிடம் கடன், கம்பெனி அதிகாரிகளிடம் தனித்தனியாகக் கடன். குடியானவர் கட்டிய வரி அந்தக் கடன்களுக்குப் போனது. 1801-இல் ஆற்காட்டு நாடே கம்பெனி கைக்குப் போய்விட்டது.

சந்தா சாகிப் ஜெயித்திருந்தால் அந்தக் கடன் பிரெஞ்சுக்காரர்களிடம் ஏறியிருக்கும் என்றே நான் நினைக்கிறேன். 1749-இல் ஆம்பூர்ப் போரில் அப்போதைய ஆற்காட்டு நவாப் அன்வாருதீன் இறந்து, சந்தா சாகிப்பின் கை ஓங்கியதுமே வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களைப் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்தார். கடலூரைத் தாண்டியதும் வரும் பாகூர் இன்றைக்கும் புதுச்சேரியைச் சேர்ந்ததுதானே! உங்கள் மகன் கற்பனை செய்வதில் ஒரு துண்டு நிஜமாகவே நடந்திருக்கிறது. அதை அவனிடம் சொன்னால் துள்ளிக் குதிப்பான்.

திருச்சி ஒன்றை மட்டும் மாற்றினால் போதாது என்பதையும் சொல்லுங்கள். 1754-இல் துய்ப்ளேயை பாரிஸ் திரும்ப அழைத்துக்கொண்டது. தோல்விகளோடு, போர்ச்செலவும் அங்கிருந்த பிரெஞ்சுக் கம்பெனிக்குக் கசந்துபோயிருந்தது. கடலில் ஆங்கிலேயர் கை ஓங்கியிருந்தது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தேவனாம்பட்டினத்துக் கோட்டையைப் பிடித்தே விட்டார். ஆனாலும் 1760-இல் வந்தவாசியில் தோற்று, 1761 ஜனவரியில் புதுச்சேரியையே இழந்தார்.

அப்புறம், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை நூலகத்தில் தேடி எடுத்துக் கொடுங்கள். துய்ப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்தவர். போர் எப்படி முடியும் என்று தெரியாமலே, கண்டதையும் கேட்டதையும் உடனுக்குடன் எழுதி வைத்தவர். ஒரு நாளைய குறிப்பைப் படித்துவிட்டு, அன்றைக்கு யாருக்கு என்னென்ன வழி திறந்திருந்தது என்று மகனை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை அவன் அப்பாவும் படிக்கட்டும்.