அப்பா அம்மா வீட்டு லேண்ட்லைனை ஃபைபருக்கு மாற்றினால் பழைய போன் வேலை செய்யுமா?

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் தனியாக இருக்கும் பெற்றோருக்காகக் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வேலை செய்யும். போனை இருந்த இடத்திலேயே விடுங்கள். "மொபைல் வாங்கிக் கொடுத்தால் போச்சு" என்று கீழே எழுத வருபவர்கள், எண்பது வயது விரல் டச் ஸ்கிரீனோடு படும் பாட்டைப் பார்த்துவிட்டு வரட்டும்.

மோடத்தின் பின்னால், லேன் துளையைவிடச் சிறியதாக ஒரு போன் போர்ட் இருக்கும். சில கம்பெனிகள் மொபைலில் பேசும் ஆப் மட்டுமே தருவார்கள், அதனால் போர்ட் உண்டா என்று முன்பே கேளுங்கள். போன் வேறு அறையில் இருந்தால் வீட்டின் பழைய வயரிங்கே போதும். ஆனால் வெளியிலிருந்து வரும் பழைய காப்பர் வயர் ஜோடியை முதலில் கழற்ற வேண்டும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் அதில் மிச்சமிருந்தால் போர்ட் கெட்டுவிடும். அவசரத்தில் வரும் ஆட்கள் விட்டுவிடுவது இதைத்தான்.

பட்டன் போனின் அடியில் P, T (பல்ஸ், டோன்) என்று ஒரு சுவிட்ச் இருந்தால் T-யில் வையுங்கள். சுழற்றும் டயல் போனில் அழைப்பு வரும், ஆனால் பல மோடங்களில் வெளியே போகாது.

பெரிய சிக்கல் கரண்ட். காப்பர் போனுக்கு எக்ஸ்சேஞ்சே மின்சாரம் தந்தது. இப்போது கரண்ட் போனால் போனும் போகும். மோடம் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியரைப் பார்த்து (பெரும்பாலும் 12 வோல்ட்) அதற்கேற்ற மினி யூபிஎஸ் வாங்குங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைன் பிளக்கில் செருகினாலே போதும். வீட்டுக்குள் வருவது ஃபைபரா, மாடிப்படிப் பெட்டியிலிருந்து வரும் லேன் கேபிளா என்றும் பாருங்கள். லேன் என்றால் அந்தப் பெட்டிக்குக் கரண்ட் இல்லாதபோது உங்கள் யூபிஎஸ் வீண்.

கடைசி எண்ணை அழுத்தியபின் சில விநாடி நிசப்தமாக இருக்கும். பெரியவர்கள் லைன் செத்துவிட்டது என்று வைத்துவிடுவார்கள். பல மோடங்களில் கடைசியில் ஹேஷ் (#) அழுத்தினால் உடனே போகும். 2021 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு முன்னால் 0 வேண்டும், ஸ்பீட் டயலில் பதிந்ததையும் சரிபாருங்கள்.

வேறு கம்பெனிக்கு மாறினால் எண் கூடவே வராது. மொபைல் மாதிரி எண்ணைக் கூடவே கொண்டுபோகும் வசதி இங்கே லேண்ட்லைனுக்கு இல்லை. பேங்க்கில் கொடுத்திருப்பது அந்த எண்ணா என்று பாருங்கள்.

அபார்ட்மென்ட் அசோசியேஷன் பற்றி ஒரு வார்த்தை. பெயின்ட் அடிக்க வருபவர்கள் ஃபைபரை மடக்கி ஆணி அடிப்பதை யாரும் தடுப்பதில்லை. மடங்கினால் மோடத்தில் எல்ஓஎஸ் (LOS, சிக்னல் இல்லை என்று காட்டும்) விளக்கு சிவப்பாகும். "சிவப்பு எரிந்தால் இந்த எண்ணுக்கு மொபைலில் கூப்பிடவும்" என்று பெரிய எழுத்தில் எழுதி மோடத்தின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.