பிளாடர் டைரி எழுதுவதால் உண்மையிலேயே பயன் உண்டா?

அடிக்கடி யூரின் வருகிறது, அடக்க முடியவில்லை என்று டாக்டரிடம் போனதற்கு, மாத்திரை தராமல் மூன்று நாள் பிளாடர் டைரி, அதாவது சிறுநீர்ப்பைக் குறிப்பு, எழுதி வரச் சொல்லிவிட்டார், இதனால் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயன் உண்டு. எழுதிப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். நான் பள்ளி ஆசிரியை, வயது 47. நான்கு வருடம் முன்பு எனக்கும் இதே நிலைதான். வீட்டு வாசலில் நின்று பூட்டில் சாவியை நுழைக்கும்போது முட்டிக்கொண்டு வரும். கதவைத் திறப்பதற்குள் கொஞ்சம் நனைந்துவிடும். சர்க்கரை இல்லை, யூரினில் கிருமித் தொற்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் டைரி எழுதச் சொன்னார்கள். இவ்வளவு கூச்சத்தை விட்டுச் சொன்ன பிறகும் நோட்டுப் புத்தகத்தோடு அனுப்புகிறார்களே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எத்தனை மணிக்குப் போனோம், எத்தனை மில்லி, அவசரம் எவ்வளவு, கசிந்ததா, என்ன குடித்தோம், எப்போது படுத்தோம், எப்போது எழுந்தோம். எழுத வேண்டியது இவ்வளவுதான். பலரும் மில்லியை விட்டுவிட்டு எத்தனை தடவை என்று மட்டும் எண்ணுகிறார்கள். மில்லிதான் முக்கியம். பாத்திரக் கடையில் 500 மில்லி பிளாஸ்டிக் அளவுக் குவளை ஒன்று வாங்கினேன். யாரும் சமையலறைக்கு எடுத்துப் போய்விடாமல் இருக்க அதன் பிடியில் சிவப்பு நெயில் பாலிஷ் பூசி, பாத்ரூம் ஜன்னல் விளிம்பில் வைத்தேன். வீட்டு டம்ளரையும் அதிலேயே ஊற்றி அளந்துகொண்டேன். 150 பிடிக்கும் என்று நினைத்திருந்தது 220 பிடித்தது. பள்ளியில் அளக்க வழியில்லை, அங்கே நேரத்தை மட்டும் எழுதினேன். அதனால் சனி, ஞாயிறைத் தேர்ந்தெடுத்து, திங்களையும் சேர்த்துக்கொண்டேன். வேலை நாள் ஒன்றாவது இருக்கட்டும்.

அப்புறம், போன உடனே எழுதிவிடுங்கள். முதல் நாள் நான் ராத்திரி உட்கார்ந்து யோசித்து எழுதினேன், 9 தடவை வந்தது. மறுநாள் அவ்வப்போது எழுதியபோது 14.

என் ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் இன்னும் நினைவிருக்கிறது. விடிகாலை 5.40க்கு 390 மில்லி. 7.10க்கு 110. 8 மணிக்கு 80. கோயிலுக்குக் கிளம்பும் முன் 90. டாக்டர் அந்த 390ஐ வட்டம் போட்டார். "இவ்வளவு பிடித்து வைக்கிற பை சின்னப் பை இல்லைம்மா. பகலில் 80க்கே கூப்பிடுகிறது, நீங்களும் எழுந்து போய்விடுகிறீர்கள்" என்றார். அவசரம் என்ற கட்டத்தில் பாதி இடங்களில் நான் 0 போட்டிருந்தேன். அதாவது, வராமலேயே போயிருக்கிறேன். வகுப்புக்கு முன், பஸ் ஏறும் முன், எதற்கும் ஒரு தடவை போய்விட்டு வந்துவிடுவோம் என்று. வருடக்கணக்கில் இப்படிச் செய்தால் கொஞ்சம் சேர்ந்தாலே கூப்பிட அந்தப் பை பழகிவிடும்.

குடித்ததைப் பார்த்தால், பள்ளி நேரம் முழுக்க ஒன்றரை டம்ளர் தண்ணீர், இரண்டு காபி. சாயங்காலம் 5 மணிக்கு மேல் ஒன்றேகால் லிட்டர். ராத்திரி தூக்கம் கெட்டதற்கு வேறு காரணமே வேண்டாம். தண்ணீரைக் குறைத்தால் சரியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, யூரின் கெட்டியாகி இன்னும் உறுத்தும்.

மாத்திரை தராமல் பயிற்சிதான் கொடுத்தார். 45 நிமிடத்துக்கு ஒரு தடவை போய்க்கொண்டிருந்ததை ஒரு மணி நேரமாக்கி, வாரத்துக்கு 15 நிமிடம் கூட்டச் சொன்னார். அவசரம் வந்தால் ஓடக்கூடாது. நின்ற இடத்திலேயே நின்று, யூரினை நிறுத்துவதுபோல் கீழ்த் தசைகளை ஐந்தாறு முறை சுருக்கி விட்டால், அலை மாதிரி எழும்பி அடங்கும். அடங்கிய பிறகு நடந்து போகலாம். முதல் இரண்டு வாரம் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஆறு வாரம் கழித்து எழுதிய டைரியில் 14 தடவை 9 ஆகியிருந்தது, பகலில் 200 மில்லிக்குக் குறைவாக வந்தது இரண்டே தடவைதான்.

எல்லோருடைய டைரியும் இதையே சொல்லாது. என் அம்மாவுக்கு 72 வயது. அவர் எழுதியபோது, ஒரு நாள் யூரினில் பாதிக்குமேல் ராத்திரிதான் வந்திருந்தது. வயதானவர்களுக்கு அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், சிறுநீரகம் ராத்திரியில் அதிகம் சுரக்கிறது என்று பொருள். பையை அடக்கும் மாத்திரை அதற்குச் சரிப்படாது. கால் வீக்கம், இதயம், பிபிக்காகப் போடும் நீர் மாத்திரை எந்த நேரம் என்றெல்லாம் பார்க்க வேண்டும். அதனால் சாப்பிடும் மாத்திரைகளின் நேரத்தையும் டைரியில் எழுதுங்கள். யூரினில் ரத்தம், எரிச்சல், காய்ச்சல் இருந்தால் மூன்று நாள் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே போய்விடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது வேறு தாளில் அழகாகத் திருத்தி எழுதிக்கொண்டு போகாதீர்கள். என் நோட்டில் ஒரு இடத்தில் "அடக்க முடியலை, படியிலேயே" என்று கிறுக்கி வைத்திருந்தேன். டாக்டர் அந்த வரியைப் பார்த்துத்தான் படி ஏறும்போது என்ன நடக்கிறது என்று கேட்டார். நானாக அதைச் சொல்லியிருக்க மாட்டேன்.