சாகோஸ் தீவுகள் கைமாறினால் குடியுரிமை போய்விடுமா?

கேள்வி: மொரீஷியஸில் வேலை பார்க்கும் தமிழ்நாட்டுக்காரன் நான். மனைவி இந்த ஊர்க்காரர். அவருடைய பாட்டி சாகோஸ் தீவுகளில் பிறந்தவர். தீவுகள் மொரீஷியஸ் கைக்கு வந்துவிட்டால் பிரிட்டிஷ் குடியுரிமை கிடைக்காது, இப்போதே பணம் கட்டினால் நான், மனைவி, ஐந்து வயது மகள் மூவருக்கும் பாஸ்போர்ட்டும், டியகோ கார்சியாவில் ஒரு மனையும் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒரு ஏஜென்ட். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். தீவு யாருக்குச் சொந்தம் என்பது ஒரு வழக்கு. உங்கள் மனைவிக்குக் குடியுரிமை உண்டா என்பது வேறு விஷயம். இரண்டையும் சேர்த்துக் குழப்பினால்தான் ஏஜென்டுக்கு வியாபாரம்.

முதலில் தீவு விவகாரம். மாலத்தீவுக்குத் தெற்கே சுமார் 500 கிலோமீட்டரிலும், மொரீஷியஸிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேலும் தள்ளிக் கிடக்கும் சுமார் 60 பவளத்தீவுகள்தான் சாகோஸ். டியகோ கார்சியா பெரியது. வடக்கே பெரோஸ் பான்யோஸ், சாலமன். கடைசிவரை மக்கள் வாழ்ந்தது முக்கியமாக இந்த மூன்று இடங்களில்தான். தேங்காயும் கொப்பரையும் பிழைப்பு. மொரீஷியஸ் சுதந்திரம் பெறுவதற்கு முன்பே, 1965 நவம்பர் 8இல், பிரிட்டன் இவற்றைத் தனியாகப் பிரித்து எடுத்துக்கொண்டது. அமெரிக்க ராணுவத் தளத்துக்காக 1968க்கும் 1973க்கும் இடையில் மக்கள் அத்தனை பேரையும் வெளியேற்றி, மொரீஷியஸிலும் சீஷெல்ஸிலும் கொண்டுபோய் விட்டது. பிரித்தது சட்டப்படி செல்லாது, தீவுகளை விட்டு பிரிட்டன் விரைவில் வெளியேற வேண்டும் என்று 2019இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. 2025 மே 22இல் பிரிட்டனும் மொரீஷியஸும் ஒப்பந்தம் போட்டன. அதன்படி இறையாண்மை மொரீஷியஸுக்கு. டியகோ கார்சியா மட்டும் 99 ஆண்டுக் குத்தகையில் பிரிட்டன் வசம். ஒப்பந்தத்தில் கையெழுத்தாவது வேறு, அது அமலுக்கு வருவது வேறு. அந்த இடைவெளியைக் காட்டித்தான் உங்களைப் பயமுறுத்துகிறார்கள்.

மனை என்பது முழுப் பொய். அந்த ஒப்பந்தமே மக்களைக் குடியமர்த்த மொரீஷியஸுக்கு விடும் இடம் டியகோ கார்சியா தவிர்த்த தீவுகள்தான். ராணுவத் தளத்துக்குள் மனை விற்க எந்த ஏஜென்டுக்கும் உரிமை கிடையாது. இதைச் சொல்பவர் வேறு எதைச் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இனி குடியுரிமை. பிரிட்டனின் 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி, சாகோஸில் பிறந்தவரின் நேரடி வாரிசுகள் பிரிட்டிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். பிள்ளை, பேரன் பேத்தி, கொள்ளுப்பேரன் என்று தலைமுறைக் கணக்கு இல்லை. வழி திறந்தது 2022 நவம்பர் 23. அன்று 18 வயது நிரம்பியிருந்தவர்கள் 2027 நவம்பர் 22க்குள் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் மனைவிக்கு அதுதான் கெடு. உங்கள் மகளுக்கு 23 வயது ஆகும்வரை அவகாசம் இருக்கிறது, குழந்தையைக் காட்டி அவசரப்படுத்தினால் மசியாதீர்கள். விண்ணப்பக் கட்டணம் கிடையாது. ஆமாம், இலவசம்! பாஸ்போர்ட்டுக்குத்தான் தனிக் கட்டணம். ஏஜென்ட் கேட்கும் தொகை எதற்கு என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். தீவுகள் கைமாறினாலும் சாகோஸ் மக்களின் பிரிட்டிஷ் குடியுரிமை உரிமை போகாது என்று பிரிட்டிஷ் அரசும் சொல்லியிருக்கிறது.

நிஜமான சிக்கல் பாட்டியின் பிறப்புச் சான்றிதழில் இருக்கிறது. பிறந்த இடம் என்ற வரியைப் பாருங்கள். டியகோ கார்சியா, பெரோஸ் பான்யோஸ், சாலமன் என்றிருந்தால் சரி. அகலேகா என்றிருந்தால் வழியில்லை. அகலேகா மொரீஷியஸுக்கு வடக்கே இருக்கும் வேறு தீவு, அதை யாரும் பிரித்து எடுக்கவில்லை. ஆனால் அங்கும் தென்னந்தோப்புதான், அங்கும் அதே முதலாளிகள்தான். 1962இல் தோப்புகளை வாங்கிய கம்பெனியின் பெயரிலேயே சாகோஸும் அகலேகாவும் சேர்ந்திருந்தன. ஆட்களை இங்கிருந்து அங்கே மாற்றுவார்கள். அதனால் வீட்டில் "பாட்டி தீவுக்காரி" என்று சொல்வதை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வைத்தியத்துக்கும் பிரசவத்துக்கும் தீவுப் பெண்கள் கப்பலேறி மொரீஷியஸ் வருவது உண்டு. அப்படி வந்த இடத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறந்த இடம் போர்ட் லூயிஸ் என்றுதான் இருக்கும். பாட்டியின் சான்றிதழில் அப்படி இருந்தால் உடனே மனம் உடைய வேண்டாம். பாட்டி தீவில் பிறக்காவிட்டாலும், பாட்டியின் அம்மாவோ அப்பாவோ தீவில் பிறந்திருந்தால் போதும். சங்கிலியை ஒரு படி மேலே கொண்டுபோய், கொள்ளுப்பாட்டியின் சான்றிதழைத் தேட வேண்டும். அங்கிருந்து பாட்டி, பாட்டியிலிருந்து மாமியார், மாமியாரிலிருந்து உங்கள் மனைவி என்று ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சான்றிதழ். ஒன்றில் பெயர் ஒரு மாதிரியும் அடுத்ததில் வேறு மாதிரியும் எழுதியிருந்தால், இருவரும் ஒருவரே என்று காட்டத் திருமணப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு என்று துணை ஆவணங்கள் சேருங்கள்.

எனக்கு ஆற்றாமை வருவது இங்கேதான். சாகோஸ் மக்களை ஊரைவிட்டுத் துரத்தியது பிரிட்டிஷ் அரசு. நிரந்தரக் குடிகளே அல்ல, ஒப்பந்தக் கூலிகள் என்று உலகத்திடம் சொன்னதும் அதே அரசு. 2002இல் குடியுரிமை கொடுத்தபோதும் தீவில் பிறந்தவர்களோடும் அவர்கள் பிள்ளைகளில் ஒரு பகுதியோடும் நிறுத்திக்கொண்டது. பேரப்பிள்ளைகள் இருபது வருஷம் விசாவுக்கு அலைந்தார்கள். பெட்டியோடு கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் பேத்தியிடம் இன்று காகிதம் எங்கே என்று கேட்கிறார்கள்.

அப்புறம், உங்கள் விஷயம். இந்தச் சட்டத்தில் கணவனுக்கு இடமில்லை, "மூவருக்கும் பாஸ்போர்ட்" என்பது நடக்காது. மனைவி குடியுரிமை பெற்று நீங்கள் பிரிட்டன் போக நினைத்தால், துணைவர் விசாதான் வழி. அதற்குப் பொதுவாக ஆண்டுக்கு 29,000 பவுண்ட் வருமானம் காட்ட வேண்டும். ஏஜென்டுக்குக் கொடுக்க வைத்திருக்கும் பணத்தை அந்தச் செலவுக்கு ஒதுக்குங்கள்.

இந்த வாரமே போர்ட் லூயிஸில் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் பாட்டியின் சான்றிதழ் நகலுக்கு எழுதிக் கொடுங்கள். படிவம் நிரப்பத் திணறினால் பிரிட்டனில் முறைப்படி பதிவுபெற்ற குடியேற்ற ஆலோசகரிடம் பேசுங்கள், பதிவில்லாமல் அங்கே ஆலோசனை சொல்வது குற்றம். மூலச் சான்றிதழ்களை மட்டும் எந்த ஏஜென்ட் கையிலும் கொடுத்துவிடாதீர்கள்.