தம்பி மேலே ஏறி வருகிற வழி

ஆச்சிக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை கானாடுகாத்தானிலிருந்து தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தீர்கள். மூழ்கிய கப்பல்களின் வீடியோக்களைக் காட்டி, கடலில் முங்கும் டைவர் வேலைக்குப் போகவேண்டும் என்றான். அவன் வெளியே போனதும், "அவ்வளவு ஆழத்துல ஏதாவது ஆயிட்டா யாரு போய்த் தூக்குவா?" என்று கேட்டீர்கள். அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அது முழுக்கக் கடலடியிலேயே நிற்கிறது. மூழ்கிய கப்பலுக்குள் போகிறவர்கள் இறங்குவதைவிட ஏறுவதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். தம்பி காட்டிய வீடியோக்கள் எல்லாம் கப்பலோடு முடிந்துவிட்டன, கவனித்தீர்களா? அதற்கப்புறம் அவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடுக்கடலில் சும்மா தொங்கியிருப்பார்கள். அதை யாரும் படம்பிடித்துப் போடுவதில்லை.

தம்பி சொன்ன கப்பலையே எடுத்துக்கொள்வோம். ஹெர்மிஸ் என்கிற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தன. 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். ஆக, அங்கே நாம் தரையில் உணர்வதைப்போல் ஆறு மடங்கு அழுத்தம். அதில் மூச்சு விடும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைந்து ஊறுகிறது. ஊறும்போது வலிக்காது. அவசரமாக மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழ் கிளம்பும். மூட்டில் என்றால் கடுமையான வலி, முதுகுத்தண்டில் என்றால் கால் விளங்காமல் போகலாம். தூத்துக்குடிப் பக்கம் கம்ப்ரஸர் குழாயில் காற்று வாங்கிச் சங்கு குளிக்கிறவர்களில் கால் மரத்து நடை தளர்ந்தவர்கள் உண்டு. யாரும் அவர்களுக்கு ஏறும் கணக்கைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்தக் கணக்கு உங்கள் அடுப்படிக் கணக்குதான், ஆச்சி. பச்சரிசி கொஞ்ச நேரத்தில் ஊறிவிடும். கவுனி அரிசிக்கு ராத்திரி முழுக்க வேண்டும். உடம்பும் அப்படியே. ரத்தமும் மூளையும் சட்டென்று நைட்ரஜனை வாங்கி சட்டென்று விடும். கொழுப்பும் மூட்டும் மெதுவாக வாங்கி மெதுவாகத்தான் விடும். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, உடம்பை ஐந்து விதத் திசுக்களாகப் பிரித்து, நின்று நின்று ஏறும் அட்டவணையை 1908இல் வெளியிட்டார். பின்னால் சூரிச்சில் பியூல்மான் அதைப் 16 வகையாக விரித்தார். இன்று மணிக்கட்டில் கட்டுகிற டைவ் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் ஓடுவது பியூல்மான் கணக்குதான்.

செய்முறை இப்படி. நிமிடத்துக்கு சுமார் 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறக்கூடாது. கணக்கு சொல்லும் ஆழத்தில் நிற்க வேண்டும், அப்புறம் 3 மீட்டர் ஏறி மறுபடி நிற்க வேண்டும். மேலே வரவர நிற்கிற நேரம் கூடும். 50 மீட்டரில் அரை மணி நேரம் வெறும் காற்றில் இருந்தவர் ஏறி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தலைக்கு மேலே வெளிச்சம் தெரியும், படகின் அடிப்பாகம் தெரியும், ஆனாலும் போக முடியாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை அங்கே இருக்கிறது.

அந்த ஆழத்தில் நைட்ரஜன் புத்தியையும் மயக்கும். அதனால் அதில் ஒரு பங்கை எடுத்துவிட்டு ஹீலியம் கலந்த ட்ரைமிக்ஸைச் சுவாசிப்பார்கள். ஏறும்போது 21 மீட்டரில் பாதி ஆக்சிஜன் உள்ள வாயுவுக்கும், 6 மீட்டரில் சுத்த ஆக்சிஜனுக்கும் மாறுவது பரவலான முறை. ஆக்சிஜனைச் சுவாசித்தால் ஊறிய வாயு சீக்கிரம் வெளியேறும். ஆனால் அதே சுத்த ஆக்சிஜன் சிலிண்டரைத் தவறிப்போய் 21 மீட்டரில் வாயில் வைத்தால் வலிப்பு வரக்கூடும். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஆழத்தைப் பெரிதாக எழுதி, மாற்றும்போது கூட இருப்பவர் படித்துச் சரிபார்ப்பது இதற்காகத்தான்.

தம்பி இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் நிறுத்தத்தை நல்ல ஆழத்திலேயே போட்டால் குமிழ் உண்டாகாது என்று ரொம்ப நாள் பலர் நம்பினார்கள். அமெரிக்கக் கடற்படை அதைச் சோதித்து 2011இல் அறிக்கை வெளியிட்டது. மொத்த நேரம் ஒன்றாக இருந்தும், ஆழத்தில் அதிகம் நின்றவர்களுக்குத்தான் குமிழால் வரும் நோய் அதிகம் வந்திருந்தது. ஆழத்தில் நிற்கும்போது மெதுவாக ஊறும் திசுக்கள் இன்னும் வாங்கிக்கொண்டே இருக்கின்றன. எந்தப் பயிற்சியாளரிடம் போனாலும் முதலில் இதைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். தெரியாதவரிடம் பணம் கட்ட வேண்டாம்.

சரி, வேலை விஷயத்துக்கு வருகிறேன். பொழுதுபோக்காகக் கப்பலைப் பார்க்கப் போவது வேறு, கடலுக்கடியில் சம்பளத்துக்கு வேலை செய்வது வேறு. மும்பை ஹை போன்ற எண்ணெய்த் தளங்களில் வேலை பார்க்கிறவர் முதுகில் சிலிண்டரோடு தனியாக இறங்குவதில்லை. தலையில் ஹெல்மெட், மேலிருந்து காற்றும் டெலிபோனும் வரும் குழாய், கப்பலில் அட்டவணையோடு ஒரு சூப்பர்வைசர். குமிழ் வந்தவரை மறுபடி அழுத்தத்தில் வைத்துக் குணப்படுத்தும் அழுத்த அறையும் தளத்திலேயே இருக்கும். "யாரு தூக்குவா?" என்றீர்களே, இறங்கத் தயாராக ஒருவர் உடுப்போடு காத்திருப்பார்.

உலகம் முழுக்க நிறுவனங்கள் பின்பற்றும் ஐஎம்சிஏ (கடல்சார் ஒப்பந்த நிறுவனங்களின் சர்வதேசச் சங்கம்) விதிப்படி காற்றில் இறங்க 50 மீட்டர்தான் எல்லை. அதற்குக் கீழே சாச்சுரேஷன் முறை. ஆட்கள் கப்பல்மேலுள்ள அறையில் கடலடி அழுத்தத்திலேயே வாரக்கணக்கில் குடியிருந்து, டைவிங் பெல் என்ற மூடிய பெட்டியில் இறங்கி வேலை பார்ப்பார்கள். கடைசியில் ஒரே ஒரு தடவை அழுத்தம் இறக்கப்படும், தோராயமாக ஒவ்வொரு 30 மீட்டருக்கும் ஒரு நாள், மொத்தத்தோடு இன்னும் ஒரு நாள். 200 மீட்டரில் இருந்தவருக்கு ஒரு வாரம் தாண்டும். 1981இல் எடின்பரோ என்ற போர்க்கப்பலிலிருந்து 245 மீட்டர் ஆழத்தில் தங்கக் கட்டிகளை எடுத்தது இந்த முறையில்தான். 2025 ஜூலையில் நம் கடற்படையில் சேர்ந்த நிஸ்தார் கப்பலிலும் இந்த வசதி உண்டு.

இந்தத் தொழிலில் முங்குவது வேலைக்குப் போகும் வழி மட்டும்தான். அங்கே போய் வெல்டிங் செய்ய, சோதனை செய்ய, துரு பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் சம்பளம். அதனால் முதலில் ஐடிஐ வெல்டிங் அல்லது டிப்ளமோ மெக்கானிக்கல் முடிக்கட்டும். அப்புறம் பயிற்சி. சேரும் முன் அந்தச் சான்றிதழ் ஐஎம்சிஏ ஏற்கும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு பையனை இதைச் சரிபார்க்காமல் நான் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினேன். அவன் வாங்கி வந்த காகிதத்தை எந்தக் கம்பெனியும் ஏற்கவில்லை. அவன் அப்பாவின் முகம் இன்றும் மனதில் நிற்கிறது.

அதற்கும் முன்னால் உடல் பரிசோதனை. காது, நுரையீரல், ஆஸ்துமா வரலாறு எல்லாம் பார்க்க வேண்டும். நான்கு பேரில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு இடையே பிறவியில் இருந்த சிறு வழி முழுதாக மூடியிருக்காது. சாதாரண வாழ்க்கையில் தொந்தரவில்லை, இந்தத் தொழிலில் குமிழ்கள் அதன் வழியாக மூளைக்குப் போகக்கூடும். டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, முங்கிவிட்டு வந்த மறுநாளே விமானமோ கொடைக்கானலோ ஆகாது. மேலே போகப்போக அழுத்தம் குறையும், மீதியிருக்கும் நைட்ரஜன் அங்கேயும் வேலையைக் காட்டும்.

கடல்மேல் ஆசை, ஆனால் காத்திருக்க முடியாத பையன் என்றால் பக்கத்திலேயே வேறு வாசல்கள் உண்டு. அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகத்தில் கடலியல் படிக்கலாம். கடலில் இரும்பு துருப்பிடிப்பதை ஆராய்கிற செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம்) நம் காரைக்குடியிலேயே இருக்கிறது, அங்கே பி.டெக். உண்டு. கடலடியில் ரோபோ ஓட்டும் ஆர்ஓவி வேலை வளர்ந்து வருகிறது. சென்னையில் என்ஐஓடி (தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம்) உருவாக்கும் மத்ஸ்யா 6000 நீர்மூழ்கியின் உள்ளே தரையின் அழுத்தமே இருப்பதால் ஏறும்போது நிற்கவே வேண்டியதில்லை.

தம்பிக்குத் தைரியம் இருக்கிறது, அது அன்றே தெரிந்தது. பொறுமை இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத்தான் தெரியும். குளிரில், போனில்லாமல், பேச்சில்லாமல் ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்பானா? யோசித்து எனக்குச் சொல்லுங்கள்.

வருகிற சனிக்கிழமை பத்து மணிக்கு இருவரும் வாருங்கள். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலும் காது டாக்டரின் சீட்டும் கையில் இருக்கட்டும். ஹெர்மிஸில் இருபது நிமிடம் இருந்தால் எங்கெங்கே எவ்வளவு நேரம் நின்று ஏறுவான் என்பதைத் தம்பி தேடிப் பார்த்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரட்டும்.