அந்த ஒரு ‘ஓ’ இருக்கிறதா, பாருங்கள்

கேள்வி: வயது 42, செங்கோட்டை. நார்க்கட்டிக்காக ஐந்து மாதம் முன்பு புனலூரில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். இரண்டாம் வாரத்திலிருந்தே நெஞ்சிலிருந்து முகத்துக்குக் குப்பென்று சூடு ஏறுகிறது. ராத்திரி ஜாக்கெட் நனைந்து முழிப்பு வந்துவிடுகிறது. பீடி சுற்றும்போது தூள் பறக்கும் என்பதால் ஃபேனும் போட முடியவில்லை. தாம்பத்தியத்தில் எரிச்சல். ‘உடம்புச் சூடு, வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடு’ என்கிறார்கள். கர்ப்பப்பையை மட்டும்தானே எடுத்தார்கள்?

பதில்: மட்டும்தானா என்பதை டிஸ்சார்ஜ் சம்மரிதான் சொல்லும். ஆபரேஷன் பெயரில் ‘டி.ஏ.ஹெச்.’ என்பது கர்ப்பப்பை. அடுத்து ‘பி.எஸ்.’ என்று மட்டும் இருந்தால் கருக்குழாய்களை எடுத்திருக்கிறார்கள், சினைப்பைகள் உள்ளேயே இருக்கின்றன. ‘பி.எஸ்.ஓ.’ என்றிருந்தால் இரண்டு சினைப்பைகளும் போய்விட்டன. இரண்டே வாரத்தில் தொடங்கியதைப் பார்த்தால் ‘ஓ’ இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இயல்பான மாதவிலக்கு நிற்றலில், சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சில வருடங்களில் மெல்லக் குறையும். சினைப்பையை எடுத்தால் சில நாளில் சரிந்துவிடும். மூளையின் வெப்பக் கட்டுப்பாடு தடுமாறி, லேசான சூட்டுக்கும் ரத்தக்குழாய்களை விரித்து வியர்க்க வைக்கிறது. வெந்தயம் கெடுதல் செய்யாது. ஆனால் இந்தச் சரிவை அது ஈடுகட்டாது.

‘ஓ’ இருந்தால் ஹார்மோன் மாத்திரையைப் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். உங்கள் வயதில் அது சூட்டுக்கு மட்டுமல்ல, எலும்புக்கும் இதயத்துக்கும் தேவை. சுமார் 50 வயது வரை எடுக்கலாம். வழக்கமாக எஸ்ட்ராடியால் (ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகை) 1 அல்லது 2 மி.கி., தினம் ஒன்று. கர்ப்பப்பை இல்லாததால் பெரும்பாலும் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் வேண்டியதில்லை. கருப்பை வாயை விட்டுவைத்திருந்தாலோ, பயாப்சி ரிப்போர்ட்டில் எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது) என்றிருந்தாலோ அதுவும் தேவைப்படலாம். தையல் பிரித்ததும் பலர் வாங்க மறக்கும் காகிதம் அந்த ரிப்போர்ட்தான், வாங்கிவிடுங்கள். மார்பகப் புற்றுநோய், காலில் ரத்தக்கட்டு, பக்கவாதம், ஈரல் நோய் வந்தவர்களுக்கு இந்த மாத்திரை கூடாது. சூடு சில வாரங்களில் தணியத் தொடங்கும். முழுப் பலனுக்கு மூன்று மாதம் ஆகலாம். நன்றாக இருக்கிறதே என்று நடுவில் நிறுத்தினால் திரும்பி வரும்.

‘ஓ’ இல்லையென்றால் சினைப்பை வேலை செய்கிறதா என்று காட்டும் எஃப்.எஸ்.ஹெச்., எஸ்ட்ராடியால் ரத்தப் பரிசோதனையை நான்கிலிருந்து ஆறு வார இடைவெளியில் இரண்டு முறை செய்ய வேண்டும். கர்ப்பப்பையோடு சினைப்பைக்கான ரத்த ஓட்டமும் ஓரளவு குறைவதால், அது சீக்கிரமே ஓய்ந்துபோவதுண்டு. எதுவானாலும் தைராய்டையும் பார்த்துவிடுங்கள். வியர்வையும் படபடப்பும் அதிலும் வரும்.

தாம்பத்திய எரிச்சலுக்கு எஸ்ட்ரியால் கிரீம் (பிறப்புறுப்பில் போடும் ஈஸ்ட்ரோஜன்): இரண்டு வாரம் தினமும் இரவில், பிறகு வாரம் இரண்டு முறை.

பீடித் தட்டோடு உட்காரும்போது கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொள்ளுங்கள். கொதிக்கக் கொதிக்க கட்டன் சாயா குடித்தால் அடுத்த அலை உடனே வரும், ஆறவிட்டுக் குடியுங்கள். நாள் முழுக்கக் குனிந்தே இருப்பது எலும்புக்கு ஆகாது, தினம் அரை மணி நேரம் நடங்கள். கால்சியம் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் இருந்தால் அதை வேறு வேளைக்கு மாற்றுங்கள்; சேர்த்துப் போட்டால் இரும்பு சரியாக உடம்பில் ஏறாது.